இறக்கைக்குத் துணி தைத்தவர்கள்

அன்று காலை இறக்கைக்குத் துணி சுலபமாக ஏறிவிட்டது. அதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

காரிமங்கலம் பக்கத்தில் ஓர் ஏரி. தண்ணீர் வற்றி, ஆடு மாடு மிதித்து மிதித்துத் தரை இறுகிக் கிடந்தது. அதன் நடுவில் நாங்கள் மூன்று பேர். என் அண்ணன் ஜாபர், அவனுடைய கூட்டாளி முனிராஜ், நான். எங்களுக்கு முன்னால் அலுமினியக் குழாய்களை முடுக்கிச் செய்த ஒரு கூடு. மூன்று சின்னச் சக்கரம், ஒருவர் உட்காரக் கித்தான் இருக்கை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின், அதற்கும் பின்னால் ஒரு மர விசிறி. இருபுறமும் நீண்டிருந்த குழாய்களில் துணியை மாட்டினால் அது விமானம். கழற்றிவிட்டால் காயலான் கடைச் சாமான்.

துணி மாட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. தலையணையைவிடச் சின்னதாக உறை தைத்துவிட்டு அதற்குள் தலையணையைத் திணிப்பதுபோல. முந்தைய தடவைகளில் முனிராஜ் குழாயை உதைத்துப் பிடிக்க, அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க, நான் விளிம்பைத் தள்ள, மூன்று பேருக்கும் விரல் தோல் உரிந்துபோகும். அன்றைக்கு அண்ணன் ஓர் இழுப்பு இழுத்தான். துணி போய் உட்கார்ந்துவிட்டது.

"என்னா ஜாபரு, இன்னிக்கி வழுக்கிக்கினு போவுது?" என்றார் முனிராஜ்.

"பனிங்கண்ணே. பனியில நூல் எளகியிருக்கும்."

"எளகட்டும், எளகட்டும். வத்தல்மலைக் காத்து எறங்குறதுக்குள்ள நீ ஒரு சுத்து சுத்திட்டு வந்துடு."

கரையில் ஆடு மேய்க்க வந்தவர்களும் பால்காரர்களும் கூடிவிட்டார்கள். எங்கள் விமானத்துக்கு ஊரில் 'கொசு ஏரோப்ளேன்' என்று பெயர். கொசு பறக்குமா பறக்காதா என்று அவர்களுக்குள் ஒரே சர்ச்சை. நான் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, அண்ணனின் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவன் எப்போதும் வெறுங்காலோடுதான் ஏறுவான்.

ஓசூர் வாசகியின் கேள்வி

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரில் ஒரு வாரம் 'என் அண்ணன் விமானம்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். உடனே ஓசூரிலிருந்து ஒரு வாசகி பிடித்துக்கொண்டார். தார்ப்பாய் தைக்கிற வீட்டில் விமானம் எங்கிருந்து வந்தது, ஒரு மனிதனுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

பறவையைப் பார்த்து ஆசை வந்தது என்று சொல்வார்கள். சும்மா சொல்கிறார்கள். காக்காயைப் பார்க்காதவர் யாருங்க? பார்த்த எல்லோருமா பறக்கக் கிளம்பினோம்? எனக்குத் தெரிந்து, பறக்கிற ஆசை பிடித்தவர்கள் எல்லோரையும் ஏதோ ஒன்று ஒரு தடவையாவது தரையைவிட்டுத் தூக்கியிருக்கிறது. ஒரு விரற்கடை தூக்கினாலும் போதும். அதற்கப்புறம் அவர்கள் கால் தரையில் நிற்காது.

என் அண்ணனைத் தூக்கியது எங்கள் கடைத் தார்ப்பாய்தான்.

எங்களுக்குத் தருமபுரியில் சேலம் போகிற சாலையை ஒட்டிக் கடை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். காதர் பாய் தார்ப்பாய் என்றால் லாரிக்காரர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. அண்ணன் சின்ன வயதிலேயே லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டப் பழகியவன். ஒருநாள் தொப்பூர் கணவாயில் லாரி இறங்கிக்கொண்டிருந்தபோது முன் கயிறு ஒன்று அவிழ்ந்துவிட்டது. இவன் ஓடிப்போய் தார்ப்பாயின் விளிம்பைப் பிடித்தான். காற்று உள்ளே புகுந்து துணி உப்பியது. அப்படியே இவனை மூட்டையைவிட்டு ஒரு முழம் தூக்கி, திரும்பவும் மூட்டை மேலேயே உட்கார வைத்தது.

வேறு யாராவது என்றால் பயந்து காய்ச்சலில் படுத்திருப்பார்கள். இவன் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "மெகரு, காத்து என்னைத் தூக்குச்சு தெரியுமா?" என்றான். அத்தாவுக்குக் கேட்டுவிட்டது. "கீழ உழுந்திருந்தா நாங்க உன்னைத் தூக்கியிருப்போம்" என்றார் அத்தா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தோம்.

கொஞ்ச வருஷம் கழித்து ஒரு லோடுக்குத் தார்ப்பாய் கொண்டுபோனவன் பெங்களூருக்கு வெளியே ஒரு மைதானத்தில் இந்த மாதிரி ஒரு சின்ன விமானம் இறங்குவதைப் பார்த்திருக்கிறான். லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டான். பிறகு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அங்கேதான். அவர்களுக்குக் கிழிந்த துணியைத் தைத்துக் கொடுத்தான். கயிறு பிடித்தான். அவர்களும் இரக்கப்பட்டுக் கற்றுக் கொடுத்தார்கள். முதல் தடவை தனியாகப் பறந்துவிட்டு வந்த அன்று அவன் சாப்பிடவில்லை. "மேல போனா பயமே இல்ல மெகரு. எறங்கும்போதுதான் அழுகை வந்துச்சு" என்றான். அவன் அழுது நான் பார்த்ததில்லை.

அங்கேதான் முனிராஜ் சிநேகிதமானார். காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பேசுகிற ஒரு ஊர்க்காரர். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊருக்கே திரும்பியவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதன் நோய் சொல்லிவிடுவேன் என்பார். அந்தப் பெருமை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பொய்ப் பெருமை இல்லை. மைதானத்தில் ஒடிந்து கிடந்த ஒரு விமானத்தை இரண்டு பேரும் கெஞ்சி வாங்கி லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சினும் குழாய்களும் முனிராஜ் பொறுப்பு. துணி என் பொறுப்பு.

துணிக்கு மூச்சு

பழைய துணி வெயிலில் நைந்து, தொட்டால் பொடிந்தது. அதையே மாதிரியாக வைத்து வெட்டினேன். புதுத் துணி பாலியெஸ்டர். வெள்ளை வெளேரென்று, கையில் பிடித்தால் சரசரவென்று சத்தம் போடும். தார்ப்பாய் மிஷின் ஊசி போட்டால் ஓட்டை பெரிதாகிவிடும் என்று வீட்டு மிஷினில் வெள்ளை நூல் கோத்துத் தைத்தேன். ரவிக்கையும் பாவாடையும் தைத்த மிஷின் அது. அம்மா பார்த்துவிட்டு, "உங்கண்ணனுக்கு இன்னும் பைத்தியம் முத்தல, உனக்கு முத்திடுச்சு" என்றார்.

அத்தா ஒன்றும் சொல்லவில்லை. பேசவே இல்லை. விமானத்தை 'அந்தச் சாமான்' என்பார். அண்ணனோடு பேச வேண்டியதை என் மூலமாகப் பேசுவார். பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்கும்போதே, "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்பார்.

ஒரு தடவை மட்டும் நான் தைத்து விரித்துப் போட்டிருந்த துணியைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். முனிராஜும் அப்போது இருந்தார்.

"ஏம்மா, இவ்ளோ இழுத்துத் தைச்சிருக்கே? கிழிஞ்சிடும். துணிக்கு மூச்சு விடணும்."

"இல்லைங்க பாய்" என்று சிரித்தார் முனிராஜ். "ரெக்கைன்னா தப்பு மேளம் மாதிரி விறைப்பா இருக்கணுங்க."

"காத்து தூக்கணும்னா துணி உப்பணும். உப்பணும்னா தொளதொளன்னு இருக்கணும். நான் பாக்காத காத்தா?"

அண்ணனும் முனிராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தா எழுந்து போய்விட்டார்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். லாரித் தார்ப்பாய் பருத்திக் கித்தான். மழையில் நனைந்து காய்ந்தால் சுருங்கும். அதனால் அளவுக்குத் தைக்க மாட்டோம். எல்லாப் பக்கமும் ஒரு சாண் விட்டுத்தான் தைப்போம். புதுத் தார்ப்பாய் லோடு மேல் தொங்கினால்தான் அது நல்ல தார்ப்பாய். இழுத்துப் பிடித்தால் அந்த மழைக்காலத்திலேயே கயிறு கோக்கிற கண்ணி பிய்ந்துவிடும். விட்டுத் தைப்பது என்பது எங்கள் வீட்டில் கையோடு பிறந்த பழக்கம். அத்தா எனக்கு மிஷின் மிதிக்கச் சொல்லிக் கொடுத்தபோது முதலில் சொன்ன வார்த்தையே அதுதான்.

பாலியெஸ்டர் மழைக்குச் சுருங்காது. அதை யாரும் அத்தாவிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

பறக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளி, நானும் அம்மாவும் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டோம். போல்ட் உரசுகிற இடங்களில் ஒட்டுப் போட்டுத் தைத்து, துணியை மடித்துக் கடை மூலையில் வைத்துவிட்டுத்தான் போனேன். நாங்கள் திரும்பியபோது துணி அதே மூலையில் மடித்தபடியே இருந்தது.

ஒரு பனைமர உயரம்

இப்போது ஏரிக்குத் திரும்புகிறேன். எத்தனை தடவை சுற்றிப் போனாலும் அங்கேதான் வர வேண்டியிருக்கிறது.

முனிராஜ் விசிறியைச் சுற்றிவிட்டார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் பறந்து என் முகத்தில் அடித்தன. விமானம் குதித்துக் குதித்து ஓடி, ஓர் இடத்தில் குதிப்பதை நிறுத்தியது. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கரையில் எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். பொம்பளைப் பிள்ளை ஏரி நடுவில் நின்று அப்படிக் கத்தலாமா என்று பிறகு பஜாரில் பேசினார்களாம். பேசட்டும். அந்த இறக்கையைத் தைத்தவள் நான்.

ஒரு பனைமர உயரம் போயிருக்கும். அங்கேதான் பார்த்தேன். விறைப்பாக இருக்க வேண்டிய துணி படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. இடது இறக்கை நடுவில் உப்பி, ஓரம் மடங்கியது. விமானம் இடது பக்கம் சாய்ந்தது. அண்ணன் வலது பக்கம் திருப்பப் பார்த்தது கீழே இருந்தே தெரிந்தது. திரும்பவில்லை.

"ஒரேய் ஜாபரூ!" என்று முனிராஜ் கத்திக்கொண்டு ஓடினார். என் கையில் செருப்பு இருந்தது. செருப்போடு ஓடினேன்.

அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லையில் விழுந்து கிடந்தான். உயிர் இருந்தது. அல்லா காப்பாற்றினான். வலது தொடை எலும்பு முறிந்து கால் வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பால்காரர் ஒருவர் கயிற்றுக் கட்டில் கொண்டுவந்தார். அதில் தூக்கிப்போட்டு, போகிற லாரியை மறித்துத் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

லாரியில் இடமில்லாமல் முனிராஜும் நானும் பின்தங்கி, துணியைக் கழற்றினோம். மடிக்கும்போது என் விரலில் ஏதோ நெருடியது. நான் வெள்ளை நூலில் தைத்த தையல் அங்கே இல்லை. என் ஊசி போன துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. அதற்கு இரண்டு விரல் வெளியே தள்ளி வேறொரு தையல். மெழுகு தடவிய பழுப்பு நூல். தையல் முடிகிற இடத்தில் ஒரு சின்ன முடிச்சு. அந்த முடிச்சைப் போடுகிற கை தருமபுரியில் ஒன்றுதான்.

இடது இறக்கை முழுக்கப் பிரித்து, இரண்டு விரல் விட்டுத் தைத்திருந்தது. வலது இறக்கை பாதி வரைக்கும்தான். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகியிருக்கும், அல்லது லாரிக்காரன் யாராவது அவசரமாக வந்திருப்பான்.

பேசாத மனிதர், தொட மாட்டேன் என்றிருந்த மனிதர், பிள்ளை பறக்கத்தான் போகிறான் என்று தெரிந்ததும் தனியாக உட்கார்ந்து, துணி கிழியாமல் இருக்க மூச்சு விட்டுக் கொடுத்திருக்கிறார். முனிராஜ் தையலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கொல்லையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கால் ஒடைஞ்சா ஒட்டிக்கும்மா" என்றார். "இது பாய்க்குத் தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. எஞ்சின் நின்னுபோச்சுன்னு சொல்லிடலாம். எஞ்சினுக்கு ரோஷமா வரப்போவுது?"

எஞ்சினுக்கு வராது. முனிராஜுக்கு வரும். எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சொன்னது

அண்ணனின் காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அம்மா ஃபிளாஸ்க்கில் டீ வாங்கப் போன நேரம் பார்த்து என்னைக் கிட்டக் கூப்பிட்டான்.

"துணியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அத்தாதானே?"

நான் தலையாட்டினேன்.

"மேல இருக்கும்போதே தெரிஞ்சிடுச்சு மெகரு. அம்மாகிட்டகூடச் சொல்லாத. எஞ்சின் நின்னுபோச்சு, அவ்ளோதான்."

சாயங்காலம் அத்தா வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கால்மாட்டில் நின்றார். அன்றைக்கு என் மூலமாகக் கேட்கவில்லை. நேராகவே கேட்டார்.

"என்னாடா ஆச்சு?"

"எஞ்சின் நின்னுபோச்சுங்கத்தா."

அத்தா முனிராஜைப் பார்த்தார். முனிராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க பாய். நின்னுபோச்சு" என்றார்.

"அல்லா" என்று மட்டும் சொன்னார் அத்தா. அண்ணனின் நல்ல காலைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டார்.

அதன் பிறகு முனிராஜ் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. டீக்கடையில் உட்கார்ந்தால், "என்னாங்க முனிராஜ், சைக்கிளாவது ஓடுதா?" என்பார்கள். பம்புசெட் ரிப்பேருக்கு அவரைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். "ஆளைக் கீழ தள்ளுன எஞ்சின் மெக்கானிக்" என்று முகத்துக்கு நேராகவே ஒருவன் சொன்னான். அந்த மனிதர் ஆமாங்க, ஆமாங்க என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார். அப்போதிலிருந்து நான் அவரை முனிராஜண்ணே என்று கூப்பிடாமல், கூடப் பிறந்தவனைக் கூப்பிடுவதுபோல வெறுமே அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அண்ணனின் கால் ஒட்டியது. ஆனால் ஒரு விரற்கடை குட்டை. கம்பு ஊன்றி, இழுத்து இழுத்து நடந்தான். அத்தா அவனிடம் இப்போது நேராகப் பேசினார். வீட்டில் நல்ல பேச்சாகவே இருந்தது. ஆனால் எனக்கு எப்போதும் திக்திக்கென்று இருக்கும். வாய் தவறி ஒரு வார்த்தை வந்துவிட்டால் அத்தா போய்விடுவார் என்றே நான் நம்பினேன்.

அரூர் கோவிந்தன் கொண்டுவந்த தார்ப்பாய்

ஐப்பசி மழை வந்தது. மழையோடு புகாரும் வந்தது.

முதலில் ஒருவர் வந்தார். பிறகு இன்னொருவர். அத்தா வாங்கி ஓரம் போட்டுத் தைத்துக் கொடுத்தார். ஒரு மத்தியானம், அத்தா லுஹர் தொழப் போயிருந்த நேரம், அரூர் கோவிந்தன் வந்து லாரியை நிறுத்தினார். எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. நனைந்து காய்ந்த ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து கடை முன்னால் தொப்பென்று போட்டார்.

"ஏம்மா மெகரு, உங்கத்தாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்காரு. ஏங்க?"

"இதப் பாரு. புதுத் தார்ப்பாயி. ஒரே மழைதான். இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் பல்லிளிக்குது. புளி மூட்டை பூரா நனைஞ்சு நாறிப்போச்சு. காதர் பாய் இப்பிடித் தைச்சு நான் பாத்ததே இல்ல."

டேப்பை எடுத்து விரித்து அளந்தேன். சுருங்கினதைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான். லாரி அளவுக்கு ஒரு விரல்கூடக் கூட்டாமல் வெட்டித் தைத்திருந்தார். உள்ளே போய், தைத்து முடித்துச் சுருட்டி வைத்திருந்த மற்றதையும் பிரித்தேன். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஒரு சாண் விடச் சொல்லி எனக்குச் சொல்லிக் கொடுத்த கை, ஒரு இடத்தில்கூட விடவில்லை.

கோவிந்தன் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. அத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதமும் தெரிந்திருக்கிறது.

தொழுகை முடிந்து அத்தா வந்தார். விரித்துக் கிடந்த தார்ப்பாயையும் என் கையிலிருந்த டேப்பையும் பார்த்தார். கோவிந்தனிடம், "வுட்டுட்டுப் போங்க தம்பி, வேற தைச்சு வைக்கிறேன்" என்று அனுப்பினார். பிறகு வந்து தார்ப்பாய் மேல் உட்கார்ந்தார்.

"ஏங்கத்தா விடாம தைச்சீங்க?"

"விட முடியலம்மா. விடலாம்னு கத்திரிக்கோலை நகர்த்துனா, அளவுக்கே திரும்பி வந்துடுது."

நான் அழக்கூடாது என்று நினைத்தேன்.

"எஞ்சின்தானேங்கத்தா..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம் மெகரு" என்றார். "அன்னிக்கி நான் வூட்டுல இல்ல. உங்களுக்குத் தெரியாம வந்து கரையோரம் புளியமரத்தடியில நின்னேன். அவன் கீழ உழுற வரைக்கும் எஞ்சின் சத்தம் கேட்டுதேம்மா."

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சாக்குப் படுதா. அதற்குப் பின்னால் கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டது. அண்ணன் படுதாவை விலக்கிக்கொண்டு வந்தான். குட்டைக் காலை நீட்டி, சிரமப்பட்டு அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரியிலயே கேட்டிருக்கலாமேங்கத்தா."

"நீங்க மூணு பேரும் எனக்காகச் சொன்ன பொய்டா அது. அதப் போயி நான் எதுக்குக் கெடுக்கணும்?"

அண்ணன் தார்ப்பாயின் விளிம்பை எடுத்து மடித்துப் பார்த்தான்.

"லாரிக்கு ஒரு சாண் விடுங்கத்தா. மழைக்குச் சுருங்கும். ரெக்கைக்கு விட வேணாம். அது சுருங்காத துணி. நாங்க உங்கள உட்கார வெச்சு எடுத்துச் சொல்லியிருக்கணும். சிரிச்சிட்டோம்."

அத்தா அவனுடைய தொடையில், எலும்பு ஒட்டிய இடத்தில் கை வைத்தார். அப்போதுதான் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நானும் அழுதேன். அம்மா உள்ளே இருந்து, "யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

மறுநாள் அத்தா சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார். காரிமங்கலத்தில் சந்தை நாள். முனிராஜ் உட்காருகிற டீக்கடைக்கே போனாராம். கூட்டமாக இருந்த நேரம் பார்த்து, நின்றபடியே சொல்லியிருக்கிறார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னிக்கி எஞ்சின் நிக்கல. துணி. நான் பிரிச்சுத் தைச்ச துணி."

முனிராஜ் கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு, "வுடுங்க பாய், வுடுங்க பாய்" என்று அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாராம். பஸ் கிளம்பும்போது முனிராஜ் ஜன்னலருகே வந்து, "நல்ல எஞ்சினுங்க அது" என்றாராம்.

மறுபடியும் ஏரி

மழைத் தண்ணீர் வற்றித் தரை இறுக அடுத்த மாசி ஆயிற்று. அண்ணன் பறக்கத்தான் போகிறேன் என்றான். அம்மா மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான் புதுத் துணி வெட்டித் தைத்தேன். அத்தா எதிரில் உட்கார்ந்து துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் கொடுத்தார். தைத்து முடிந்த ஒவ்வொரு பக்கத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில், "இங்க கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு, பிரி" என்றார். பிரித்துத் தைத்தேன்.

ஏரியில் அன்று நான்கு பேர் துணி மாட்டினோம். ஏறவே மாட்டேன் என்றது. முனிராஜ் உதைத்தார், அண்ணன் கம்பைப் போட்டுவிட்டு இழுத்தான், நான் தள்ளினேன், அத்தா விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்தார். என் விரலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்தது.

அண்ணன் செருப்பைக் கழற்றினான். நான் கை நீட்டினேன். அதற்குள் அத்தா குனிந்து எடுத்துக்கொண்டார்.

"ஏறுடா" என்றார்.

விசிறி சுற்றியது. மண் பறந்தது. விமானம் ஓடி, குதித்து, எழுந்தது. இறக்கையில் ஒரு சுருக்கம் இல்லை. பனைமர உயரத்தைத் தாண்டியது. ஏரிக்கரையைத் தாண்டியது. வத்தல்மலைக்கு நேராகத் திரும்பி, வெயில் பட்டு ஒரு தடவை மின்னியது. கரையில் இருந்தவர்கள் கத்தினார்கள். முனிராஜ் தெலுங்கில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அத்தாவைப் பார்த்தேன்.

அத்தா மேலே பார்க்கவில்லை. செருப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றார். உதடு ஓதிக்கொண்டிருந்தது. முகத்தை மட்டும் சத்தம் போகிற பக்கமெல்லாம் திருப்பினார். எஞ்சின் சத்தம் தூரமானால் கழுத்தை நீட்டுவார். கிட்டே வந்தால் மூச்சு விடுவார்.

விமானம் சுற்றி வந்து இறங்கியது. ஒரு குதி குதித்து, ஓடி, எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தா கண்ணைத் திறக்கவில்லை.

அண்ணன் எஞ்சினை நிறுத்தினான்.

ஏரி முழுக்க அமைதியாகிவிட்டது. அத்தா மூடின கண்ணோடு என் கையைப் பிடித்தார்.

"மெகரு. தரையிலதானே நின்னுச்சு?"

"தரையிலதாங்கத்தா."

கண்ணைத் திறந்தார். செருப்பை எடுத்துக்கொண்டு மகனிடம் நடந்தார்.